செயலியில் இருக்கும் வசதிக்கு பயாஸ் போடும் பூட்டு

விண்டோஸில் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவும்போதும், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் எமுலேட்டரைத் திறக்கும்போதும், விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டுவை ஏற்ற முயலும்போதும், வன்பொருள் மெய்நிகராக்கம் (ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை இயக்க செயலியே தரும் வசதி) இயங்கவில்லை என்றும் பயாஸுக்குள் (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) சென்று அதை இயக்க வேண்டும் என்றும் ஒரு செய்தி வந்து, வேலை அங்கேயே நின்றுவிடுவது இன்றும் வழக்கமாக நடக்கிறது. பொறியியல் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன், புதிதாக அசெம்பிள் செய்து வாங்கிய கணினியில், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிடும் டாக்கரை நிறுவப்போய் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தான். வழியைச் சொல்லி முடித்ததும் அவன் கேட்ட கேள்வியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்: "எல்லாத்தையும் விண்டோஸ்லயே மாத்த முடியுது. இதுக்கு மட்டும் எதுக்கு மாமா பயாஸுக்குள்ள போகணும்? செட்டிங்ஸ்ல ஒரு பட்டன் வச்சா போதாதா?"

நியாயமான கேள்வி. அதற்கு விடை தெரிந்தவர்களுக்கு எந்தத் தயாரிப்பாளரின் கணினியாக இருந்தாலும் எங்கே தேட வேண்டும், எப்போது மறுதொடக்கம் செய்ய வேண்டும், இயக்கிய பிறகும் ஏன் சில நேரங்களில் அதே பிழை வருகிறது என்பதெல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் வசதியைப் பற்றி. ஒரு கணினிக்குள் பல கணினிகள் இயங்குவதாகக் காட்டுவது புதிய யோசனை அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் அதைச் செய்துகாட்டி, 1972 இல் விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கும் வெளியிட்டுவிட்டது. அதற்கு ஒரு செயலி (பிராசஸர்) எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணத்தை போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் 1974 இல் வகுத்தார்கள். இயந்திரத்தின் நிலையைத் தொடுகிற எந்தக் கட்டளையையும் உரிமை இல்லாத ஒரு நிரல் இயக்க முயன்றால், செயலி அதைத் தடுத்து நிறுத்தி, மேலே இருக்கும் மேற்பார்வை மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த மேற்பார்வை மென்பொருளைத்தான் ஹைப்பர்வைசர் என்கிறோம்.

நம் மேசைகளில் இருக்கும் எக்ஸ்86 குடும்பச் செயலிகள் இந்த இலக்கணத்துக்கு உட்படாதவையாகவே நெடுங்காலம் இருந்தன. எடுத்துக்காட்டாக, பாப்எஃப் என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளலாம். செயலியின் நிலையைக் குறிக்கும் கொடிகளை, நினைவகத்தில் உள்ள அடுக்கிலிருந்து (ஸ்டாக்) மீட்டெடுப்பது அதன் வேலை. அந்தக் கொடிகளில் ஒன்று, சாதனங்கள் கவனம் கேட்டு அனுப்பும் குறுக்கீடுகளை ஏற்பதா மறுப்பதா என்பதைத் தீர்மானிப்பது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் இந்தக் கட்டளையை இட்டால் கொடி மாறும். உரிமை குறைந்த நிலையில் அதே கட்டளையை இட்டால் செயலி பிழை எதையும் எழுப்பாமல், அந்தக் கொடியை மட்டும் தொடாமல், சத்தமில்லாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் கர்னலோ குறுக்கீடுகளை நிறுத்திவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும். வெளியே இருக்கும் ஹைப்பர்வைசருக்கு அப்படி ஒரு முயற்சி நடந்ததே தெரியாது. பென்டியம் செயலியில் இப்படிப்பட்ட கட்டளைகள் 17 இருப்பதாக ராபின், இர்வைன் ஆகியோரின் ஆய்வு 2000 இல் கணக்கிட்டது. விஎம்வேர் நிறுவனம் 1999 இல் தன் முதல் மென்பொருளை வெளியிட்டபோது இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டுதான் போனது: உள்ளே இயங்கும் கர்னலின் நிரலை, அது ஓடுவதற்கு முன்பே துண்டு துண்டாகப் படித்து, ஆபத்தான கட்டளைகளை வேறு கட்டளைகளாக மாற்றி எழுதி ஓடவிட்டது. அது சாதாரண உழைப்பு அல்ல. அந்தக் காலத்து மெய்நிகர் கணினிகள் ஓடியதே வியப்பு என்றுதான் சொல்வேன்.

இந்தச் சிக்கலுக்கு வன்பொருளிலேயே தீர்வு வந்தது 2005 நவம்பரில். இன்டெல் நிறுவனம் பென்டியம் 4 வரிசையின் 662, 672 ஆகிய செயலிகளில் விடி-எக்ஸ் என்ற வசதியைச் சேர்த்தது. 2006 மே மாதம் ஏஎம்டி நிறுவனம் அத்லான் 64 செயலிகளில் ஏஎம்டி-வி என்ற பெயரில் தன் வழியைக் கொண்டுவந்தது. அதன் உட்பெயர் எஸ்விஎம். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். செயலிக்குப் புதிதாக ஓர் இயக்கநிலை கிடைக்கிறது. அந்த நிலைக்குள் இருக்கும் கர்னல், தனக்குரிய முழு உரிமைகளோடு இயங்குவதாகவே எண்ணிக்கொண்டு ஓடும்; ஹைப்பர்வைசர் முன்கூட்டியே குறித்துவைத்த செயல்களில் எதையாவது அது தொட்டால் மட்டும் செயலி அதன் நிலையை அப்படியே நினைவகத்தில் எழுதிவைத்துவிட்டு, கட்டுப்பாட்டை ஹைப்பர்வைசரிடம் கொடுத்துவிடும். நினைவக முகவரிகளை இரண்டாம் அடுக்கில் மொழிபெயர்த்துத் தரும் வசதி, ஏஎம்டியில் 2007 இலும் இன்டெல்லின் நெஹலம் செயலிகளில் 2008 இலும் சேர்ந்த பிறகுதான் மெய்நிகர் கணினிகளின் வேகம் உண்மைக் கணினியை நெருங்கியது. விண்டோஸ் 8 இலிருந்து தனிக் கணினிகளுக்கும் வந்த மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி, இந்த இரண்டாம் அடுக்கு இல்லாத செயலியில் இயங்கவே மறுக்கிறது.

இனி, மருமகனின் கேள்விக்கு வருகிறேன். இன்டெல் செயலிக்குள் இந்த வசதிக்கென்று ஒரு கட்டுப்பாட்டுப் பதிவகம் (ரெஜிஸ்டர்) இருக்கிறது. அதில் நமக்கு வேண்டியவை, 0 அல்லது 1 என்று இருக்கும் இரண்டு பிட்கள். ஒன்று, மெய்நிகராக்கத்துக்கு அனுமதி உண்டா இல்லையா என்று சொல்வது. இன்னொன்று, பூட்டு. கணினியை இயக்கியவுடன் பூட்டு திறந்தே இருக்கும். இயங்குதளம் வருவதற்கு முன் முதலில் ஓடுவது பயாஸ்; அது தன் அமைப்புகளில் நாம் குறித்துவைத்திருப்பதைப் பார்த்து, அனுமதி பிட்டை 1 ஆகவோ 0 ஆகவோ எழுதிவிட்டு, உடனே பூட்டு பிட்டையும் 1 ஆக்கிவிடும். மின்வாரியத்தார் மீட்டரைப் பொருத்தியதும் முத்திரை வைத்துவிட்டுப் போவதைப் போன்ற ஏற்பாடு இது. பூட்டு விழுந்த பிறகு அந்தப் பதிவகத்தில் யார் எழுத முயன்றாலும், அது விண்டோஸின் கர்னலாகவே இருந்தாலும், செயலி பிழையை எழுப்பி மறுத்துவிடும். செயலியை மீட்டமைத்தால்தான், அதாவது கணினியை மறுதொடக்கம் செய்தால்தான், பூட்டு திறக்கும். திறந்ததும் மீண்டும் பயாஸ்தான் முதலில் ஓடும். ஏஎம்டி செயலிகளில் பதிவகமும் பிட்களின் இடமும் வேறு என்றாலும் ஏற்பாடு ஏறக்குறைய இதுவே. ஆகையால் விண்டோஸின் செட்டிங்ஸில் அப்படி ஒரு பட்டனை வைத்தால், அழுத்தியும் பயனில்லாத பட்டனாகத்தான் அது இருக்கும்.

சில பயாஸ்கள் அந்தப் பதிவகத்தைத் தொடாமலே விட்டுவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட கணினிகளில் லினக்ஸ் கர்னல் தானே அனுமதி பிட்டை எழுதிப் பூட்டியும் விடுகிறது. பயாஸில் இதற்கென்று ஒரு வரியே இல்லாத மடிக்கணினியில் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் சரியாக ஓடுவதைப் பார்த்து யாராவது வியந்திருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

ஏன் மூடியே வைத்து விற்றார்கள் என்பது அடுத்த கேள்வி. வசதி வந்த புதிதில் அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. 2006 இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜோவானா ருட்கோவ்ஸ்கா, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே அது அறியாமல் ஒரு மெய்நிகர் கணினிக்குள் தள்ளிவிட்டு, மேலே ஒரு தீய ஹைப்பர்வைசர் உட்கார்ந்துகொள்ள முடியும் என்பதை ப்ளூ பில் என்ற பெயரில், ஏஎம்டியின் இதே எஸ்விஎம் வசதியைக் கொண்டு செய்துகாட்டினார். வீட்டுப் பயனர்களில் பெரும்பாலோருக்குப் பயன்படாத ஒரு கதவைத் திறந்துவைப்பானேன் என்று தயாரிப்பாளர்கள் எண்ணியதில் தவறில்லை. ஆனால் அதன் விளைவை 2009 இல் விண்டோஸ் 7 வந்தபோது மைக்ரோசாஃப்ட் நேரடியாகச் சந்தித்தது. பழைய மென்பொருள்களுக்காக அது கொடுத்த எக்ஸ்பி மோட், வன்பொருள் மெய்நிகராக்கம் இருந்தால்தான் ஓடும் என்று வெளிவந்தது. செயலியில் வசதி இல்லாதவர்களும், இருந்தும் பயாஸில் மூடிக் கிடந்தவர்களும் தவித்ததைத் தொடர்ந்து, 2010 மார்ச்சில் அந்த நிபந்தனையையே மைக்ரோசாஃப்ட் நீக்க வேண்டியதாயிற்று.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். விண்டோஸ் தன் பாதுகாப்புக்கே மெய்நிகராக்கத்தை நம்புகிறது. விண்டோஸ் 11 உடன் விற்கப்படும் கணினிகளில் அது திறந்தே வருகிறது. நாமே பாகங்களை வாங்கிப் பொருத்தும் கணினிகளில்தான், குறிப்பாக ஏஎம்டிக்கான மதர்போர்டுகள் பலவற்றில், இன்னமும் மூடிய நிலையில் வருகிறது. இதற்கு இப்போது எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பழைய வழக்கத்தை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

பயாஸுக்குள் நுழைவதற்கு முன்பு, நுழைய வேண்டியது அவசியமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தேர்ந்தெடுத்தால், வரைபடத்துக்குக் கீழே, கோர்களின் எண்ணிக்கைக்கு அருகில் வர்ச்சுவலைசேஷன் (மெய்நிகராக்கம்) என்று ஒரு வரி இருக்கும். அங்கே எனேபிள்டு என்று இருந்தால் பயாஸில் செய்ய எதுவுமில்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் சிஸ்டம்இன்ஃபோ என்ற கட்டளையை இட்டால் கடைசியில் ஹைப்பர்-விக்குத் தேவையானவை என்று நான்கு வரிகள் வரும்; அவற்றில் இரண்டாவது, ஃபர்ம்வேரில், அதாவது பயாஸில், மெய்நிகராக்கம் இயக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சொல்கிறது. அந்த நான்கு வரிகளுக்குப் பதிலாக, ஒரு ஹைப்பர்வைசர் ஏற்கெனவே கண்டறியப்பட்டது என்ற ஒற்றை வாக்கியம் வந்தால் பதற வேண்டாம்: வசதி திறந்திருப்பது மட்டுமல்ல, அதை ஒரு மென்பொருள் பயன்படுத்திக்கொண்டும் இருக்கிறது என்று பொருள். இந்த வாக்கியம் பின்னால் நமக்குத் தேவைப்படும். லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளை போதும். உபுண்டுவில் கேவிஎம்-ஓகே என்ற சிறு நிரல் இன்னும் தெளிவாகவே சொல்லிவிடும். பழைய கர்னல்களில் செயலியின் கொடிப் பட்டியலில் விஎம்எக்ஸ் அல்லது எஸ்விஎம் என்று இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. செயலிக்கு அந்தத் திறன் உண்டு என்பதைத்தான் அது காட்டும், பயாஸ் அனுமதித்ததா என்பதைக் காட்டாது.

உண்மையிலேயே மூடியிருந்தால், கணினியை மறுதொடக்கம் செய்வதற்கு முன் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் வட்டு பிட்லாக்கரால் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், பயாஸ் அமைப்புகளில் கைவைத்த பிறகு விண்டோஸ் தொடங்கும்போது 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டு நிற்க வாய்ப்பு உண்டு. பிட்லாக்கரை நீங்கள் தெரிந்தே இயக்கியிருக்க வேண்டும் என்பதில்லை. பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடனே குறியாக்கம் தானாக நடந்துவிடுகிறது. அந்தக் குறியீடு உங்கள் கணக்கின் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து, காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கணினியிலேயே ஒரு கோப்பில் சேமித்துவைப்பதால் பயனில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குறியாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டு, வேலை முடிந்ததும் தொடர்வது இன்னும் நல்லது.

பயாஸுக்குள் நுழைய, அசெம்பிள் செய்த கணினிகளில் பெரும்பாலும் டெலீட் விசை. மடிக்கணினிகளில் டெல், ஏசர், ஏசுஸ் ஆகியவற்றுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10, லெனோவோவின் திங்க்பேடுக்கு எஃப்1. இப்போதைய கணினிகள் தொடங்கும் வேகத்தில் அந்த விசையைச் சரியான நொடியில் அழுத்துவதே ஒரு சாதனை. அந்தப் போராட்டமே தேவையில்லை: விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் நீலத்திரையில் ட்ரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் கணினி தானாகவே பயாஸ் திரையில் வந்து நிற்கும்.

உள்ளே வந்த பிறகுதான் பலர் திணறுகிறார்கள், ஏனென்றால் இந்த வரிக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடம் கொடுத்திருக்கிறார்கள். திங்க்பேடில் செக்யூரிட்டி பக்கத்தில் இருக்கும். எச்பியில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில். எம்எஸ்ஐ போர்டுகளில் ஓவர்க்ளாக்கிங் பக்கத்துக்குள் சிபியு ஃபீச்சர்ஸ் என்ற உட்பட்டியலில் ஒளிந்திருக்கும். செயலியின் வேகத்தைக் கூட்டும் எண்ணமே இல்லாதவர் அங்கே ஏன் தேடப்போகிறார்? மருமகனுடைய போர்டில் இதுபோலத்தான் நடந்தது. முதலில் வரும் எளிய திரையில் விசிறியின் வேகமும் வெப்பநிலையும்தான் தெரிந்தன. அட்வான்ஸ்டு நிலைக்கு மாறி, செயலியின் மின்னழுத்தங்களும் பெருக்கிகளும் நிறைந்த பக்கத்தில், மேம்பட்ட சிபியு அமைப்புகள் என்ற வரியைத் திறந்து, பட்டியலில் பாதிவரை இறங்கிய பிறகுதான் எஸ்விஎம் மோட் என்ற வரியும் அதற்கு நேரே வலப்பக்கம் டிசேபிள்டு என்ற சொல்லும் கண்ணில் பட்டன. ஏஎம்டி போர்டுகளில் வர்ச்சுவலைசேஷன் என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காமல் போகலாம். எஸ்விஎம் என்ற மூன்றெழுத்துதான் அடையாளம். இன்டெல் போர்டுகளில் இன்டெல் வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றோ விடி-எக்ஸ் என்றோ இருக்கும்.

அந்த வரியை மட்டும் எனேபிள்டு என்று மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்துவிட்டு வெளியேறுங்கள். சேமிக்கும் முன், மாற்றப்பட்டவற்றின் பட்டியலைப் பல போர்டுகள் காட்டும். அதில் ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும். பழைய கணினிகள் சிலவற்றில் மறுதொடக்கம் மட்டும் போதாது. மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் கழித்து இயக்கினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் பயாஸே கடவுச்சொல் கேட்டால் அதோடு விட்டுவிடுங்கள். அலுவலகத்தின் கணினித் துறையினரிடம் கேட்பதுதான் வழி.

இப்போது டாஸ்க் மேனேஜரில் எனேபிள்டு என்று வந்துவிட்டது. ஆனாலும் லினக்ஸ் துணை அமைப்பு 80370102 என்று முடியும் பிழையைத்தான் காட்டுகிறது என்றால், விண்டோஸ் பக்கத்தில் ஒரு பாகம் இன்னும் நிறுவப்படவில்லை. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் வர்ச்சுவல் மெஷின் ப்ளாட்ஃபார்ம் என்ற பெட்டியில் குறியிட்டு மீண்டும் ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். விண்டோஸின் ஹோம் பதிப்பிலும் இந்தப் பெட்டி உண்டு. முழு ஹைப்பர்-வி மேலாளர்தான் ப்ரோ பதிப்புக்கு உரியது. இணையத்தில் சிலர் ஹோம் பதிப்பில் எதுவுமே நடக்காது என்று எழுதிவைத்திருப்பது சரியல்ல.

என் பார்வையில், இன்றைய தொல்லைகளில் பெரும்பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பயாஸ் திறந்துவிட்ட வசதியை ஒரு நேரத்தில் ஒரு ஹைப்பர்வைசர்தான் உரிமையோடு எடுத்துக்கொள்ள முடியும். ஹைப்பர்-வியோ, வர்ச்சுவல் மெஷின் ப்ளாட்ஃபார்மோ, கர்னலைக் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டியோ இயங்கினால், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசர் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாம் பார்க்கும் விண்டோஸே அதன் மேல்தான் ஓடுகிறது. அதற்குப் பிறகு வரும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு நேரடி அணுகல் கிடைக்காது. பழைய பதிப்புகள் விடி-எக்ஸ் கிடைக்கவில்லை என்று பிழை கொடுத்து நின்றுவிடும். அதைப் படித்துவிட்டு மறுபடியும் பயாஸுக்குள் போய்த் தேடுபவர்கள் அநேகம். புதிய பதிப்புகள் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரிடமே கடன் வாங்கி ஓடும். மெய்நிகர் கணினியின் சாளரத்தில் கீழே வலது ஓரத்தில் ஒரு சிறிய பச்சை ஆமையின் படம் தெரிந்தால் அப்படித்தான் ஓடுகிறது என்று அறியலாம். உருவாக்கியவர்களின் நகைச்சுவை உணர்வைப் பாராட்டத்தான் வேண்டும், வேகமும் அந்தப் படத்துக்கு ஏற்றபடியே இருக்கிறது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 2020 இல் வந்த 15.5.5 பதிப்பிலிருந்து ஹைப்பர்-வியோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்டது.

லினக்ஸ் துணை அமைப்பும் டாக்கரும் போதும் என்பவர்கள் எதையும் அணைக்க வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ்தான் முழு வேகத்தில் வேண்டும் என்பவர்கள் அந்த மைக்ரோசாஃப்ட் வசதிகளை அணைக்க வேண்டியிருக்கும். அப்போது லினக்ஸ் துணை அமைப்பின் இரண்டாம் பதிப்பு நின்றுவிடும் என்பதையும், மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் தீய டிரைவர்கள் கர்னலுக்குள் நுழைவதைத் தடுக்கும் ஒரு காவலும் போய்விடும் என்பதையும் தெரிந்தே செய்ய வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸையும் அந்த வசதிகளையும் ஒரே கணினியில் வைத்துக்கொண்டு போராடுவதைவிட, மெய்நிகர் கணினியையும் ஹைப்பர்-விக்கே மாற்றிக்கொள்வது நிம்மதியானது என்பது என் கருத்து. விர்ச்சுவல்பாக்ஸை விடவே முடியாது என்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

பயாஸில் இதை இயக்கினால் கணினி மெதுவாகிவிடும் என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. அனுமதி பிட் 1 ஆக இருப்பதால் மட்டும் செயலிக்குக் கூடுதல் வேலை எதுவும் வருவதில்லை. யாரும் அதைப் பயன்படுத்தாதவரை அது வெறும் அனுமதிதான். வேகம் குறைவதாக விளையாட்டுக்காரர்கள் சொல்வது, அந்த அனுமதியைக் கொண்டு விண்டோஸ் இயக்கும் மெமரி இன்டெக்ரிட்டி போன்றவற்றின் விலை. மைக்ரோசாஃப்டே விளையாட்டுகளின் வேகத்துக்காக அவற்றை அணைத்துப்பார்க்கலாம் என்றும், அணைத்தால் பாதுகாப்பு குறையும் என்றும் 2022 இல் அறிவுறுத்தியிருக்கிறது. வேகம் வேண்டுமென்றால் மாற்ற வேண்டிய இடம் அதுதான்; பயாஸுக்குள் போய் மூலத்தையே அடைப்பது அவசியமில்லை.

மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டாக்கர் ஒருநாள் திடீரென்று பழைய பிழையைக் காட்டினால், அண்மையில் பயாஸைப் புதுப்பித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். புதுப்பித்தலின்போது பல போர்டுகள் எல்லா அமைப்புகளையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்விடுகின்றன. எஸ்விஎம் வரியும் அவற்றோடு சேர்ந்து டிசேபிள்டு ஆகிவிடும். நினைவகத்தின் வேகத்தைச் சரிசெய்யப்போய் ஆரம்ப அமைப்புகளை ஏற்றியவர்களுக்கும், பழைய போர்டுகளில் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. மேலே சொன்ன அதே வரியை மீண்டும் ஒருமுறை மாற்றினால் போதும்.

அந்த வரிக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் விடி-டி என்றோ, ஏஎம்டியில் ஐஓஎம்எம்யு என்றோ இன்னொன்று இருக்கும். அது வேறு வசதி: கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு போன்ற சாதனங்கள் நினைவகத்தை நேரடியாகத் தொடுவதைக் கட்டுப்படுத்துவது. ஒரு கிராஃபிக்ஸ் கார்டை முழுவதுமாக மெய்நிகர் கணினிக்கே கொடுத்துவிடும் எண்ணம் இருந்தால் அது கட்டாயம் வேண்டும். டாக்கருக்கும் எமுலேட்டருக்கும் அது தேவைப்படுவதில்லை. எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே விட்டுவிடலாம்.